உஷார்! ‘எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்’ என்றொரு நாள் வரவே வராது

இதைப் படிக்க உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் அடுப்பில் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று ஒரு காது எண்ணிக்கொண்டிருக்கும். மெஷின் துணியைப் பிழிந்து முடித்துவிட்டதா என்று இன்னொரு காது கவனித்துக்கொண்டிருக்கும். கண் மட்டும்தான் இந்தப் பக்கத்தில். அதுவும் வாசல் பெல் அடிக்கும் வரைதான்.

அதனால் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எழுந்து போக வேண்டிவந்தால் மிச்சம் போனாலும் போகட்டும். “எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் எனக்குன்னு கொஞ்ச நேரம் எடுத்துக்கணும்” என்று நினைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த நேரம் வராது. பையன் பத்தாவது முடிக்கட்டும், பிளஸ் டூ முடிக்கட்டும், ஒரு காலேஜில் சேரட்டும், ஒரு வேலையில் உட்காரட்டும், ஒரு கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? மகள் பிரசவத்துக்காக பெங்களூரிலோ டெக்சாஸிலோ போய் இறங்கி, அங்கேயும் இட்லி மாவு புளித்ததா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அறுபத்திரண்டு வயதில். டெக்சாஸ் என்றால் விசிட்டர் விசாவில்.

‘இந்தப் பொம்பளைங்களுக்கு எப்பப் பார்த்தாலும் புலம்பல்தான்’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய், அங்கே ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரிடமும் ஒரு நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணி வரைக்கும் கணக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 2019-இல் சராசரியாக 299 நிமிடம், 2024-இல் 289 நிமிடம். ஆண்கள் 97, பிறகு 88. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு.

ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அதே ஐந்து வருடத்தில் ஆண்களும் சத்தமில்லாமல் ஒன்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டுவிட்டார்கள். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 27 பேர். அந்த 88 நிமிடம் என்பது, ஏதோ ஒரு வேலையைத் தொட்ட அந்த 27 பேரின் சராசரி. மீதி 73 பேர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அவர்கள் காபி டம்ளரைக் கொண்டுபோய் சிங்கில் போடுவதைக் கூட வேலையாகச் சொல்லிக்கொள்ள முடியாதவர்கள்.

“இப்பல்லாம் எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சே, அப்புறம் என்னம்மா வேலை?” இது அடுத்த வாதம். தமிழ்நாட்டில் இந்த வாதம் நன்றாகவே எடுபடும். இங்கே மெஷின் வராத அடுப்படி குறைவு. கிரைண்டர் நம் கோயம்புத்தூர்ச் சரக்கு. 2006-க்குப் பிறகு அரசே இலவசமாக கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று மூன்றையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. ஆட்டுக்கல்லும் அம்மியும் கொல்லைப்புறம் போயின. முதுகெலும்பு பிழைத்தது, அதில் சந்தேகமே வேண்டாம். நேரம் பிழைத்ததா?

உங்கள் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் இட்லி என்பது தீபாவளிக்கோ, மாப்பிள்ளை வந்தாலோதான். மற்ற நாளெல்லாம் பழைய சோறும் கேப்பைக் கூழும்தான். கிரைண்டர் வந்த பிறகு இட்லி தினசரிப் பலகாரம் ஆனது. அப்புறம் இட்லி பிடிக்காத பிள்ளைக்குத் தோசை, தோசை வேண்டாம் என்கிற மாமனாருக்குச் சப்பாத்தி. வாஷிங் மெஷின் வந்ததும் ஒரு நாள் போட்ட சட்டையை மறுநாள் போடுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. மெஷின் மிச்சம் பிடித்த நேரத்தை வீட்டின் எதிர்பார்ப்பு உடனுக்குடன் தின்று தீர்த்துவிட்டது. அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று 1983-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஊர் அடுப்படிகளில் நடந்ததும் இதே கதைதான். ஆகவே, அடுத்த தள்ளுபடியில் டிஷ்வாஷர் வாங்கிவிட்டால் நேரம் கிடைத்துவிடும் என்று இ.எம்.ஐ. போடப் போகிறவர்களே, வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சமாகும் அரை மணி நேரம் யார் பெயருக்குப் போகப் போகிறது என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால், “அதான் மெஷின் இருக்கே” என்று கூடுதலாக நாலு பாத்திரம் விழும்.

ஒரு சின்ன சோதனை. எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைப் பாருங்கள். பால் வராத நாளுக்கு ஒரு சுழி. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி. ஏலச் சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள். கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி. சின்னவளுக்கு யூனிட் டெஸ்ட், பெரியவனுக்கு ஃபீஸ். மாமனாருக்கு மாத்திரை தீரும் நாள். அமாவாசை, கிருத்திகை, நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. முப்பது கட்டத்திலும் உங்கள் கையெழுத்துதான். அதில் உங்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா? தேடினால் ஒன்று கிடைக்கலாம். கிடைத்தால் அது பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கும் நாளாக இருக்கும்.

உஷாராக வேண்டிய இடம் இதுதான். நம் வீடுகளில் ஒரு பெண் தன்னைப் பார்த்துக்கொள்ள வியாதி வந்து லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு எந்தப் பூங்காவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சுடிதாருக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு வேக வேகமாக நடக்கும் ஐம்பது வயதுப் பெண்களிடம், “எப்பலேர்ந்து வாக்கிங் வர்றீங்க?” என்று கேளுங்கள். “சுகர் வந்ததுலேர்ந்து” என்பார்கள். “டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு” என்பார்கள். சுகர் வருவதற்கு முன்னால் கால்கள் இல்லையா? இருந்தன. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் காலை நேரத்தில் ஒரு பெண் வீட்டை விட்டு முக்கால் மணி நேரம் வெளியே போனால், “டிபன் யாரு செய்யறது?” என்ற கேள்வி வரும். சர்க்கரை நோய்க்கு அந்தக் கேள்வியை வாயடைக்கும் சக்தி இருக்கிறது. உங்கள் ஆசைக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

இந்த லீவ் லெட்டர் எல்லாருக்கும் சுகர் மாதிரி நிதானமாக வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் வலி, அழுத்தம் என்பதுதான் பெண்களுக்கும் முக்கியமான அறிகுறி. ஆனால் அதோடு சேர்ந்தோ, சில சமயம் அது இல்லாமலோ, மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத அசதி, குமட்டல், வியர்வை, தாடையிலும் கழுத்திலும் முதுகிலும் வலி என்று வருவது பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். யோசித்துப் பாருங்கள், அசதியும் முதுகு வலியும் நம் வீட்டில் ஒரு செய்தியா? “வாயுத் தொல்லையா இருக்கும்” என்று பெருங்காயம் போட்டு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் பாத்திரத்தைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் படுப்போம். பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்து சேர்வதைப் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த நோயில் நேரம்தான் உயிர். அப்படி ஏதாவது வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பாத்திரம் நாளைக்கும் இருக்கும்.

ரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! சாப்பாட்டில் இரும்புச் சத்து போதாதது, மாதவிடாயில் போகும் ரத்தம் என்று காரணங்கள் உண்டு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மணி மூன்றுக்கு, அடியில் ஒட்டியிருக்கும் பொரியலைச் சோற்றோடு புரட்டிக்கொண்டு சிங்க் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடும் பழக்கம் அந்தக் காரணங்களுக்கு நன்றாகவே துணைபோகிறது. உட்கார்ந்து சாப்பிடுவதற்கான இருபது நிமிடத்தைக்கூட ‘எனக்கான நேரம்’ என்று கேட்டு வாங்கும் நிலையில் இருப்பவர்களிடம் போய், வீணை கற்றுக்கொள்ளுங்கள், ஓவியம் வரையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் தாயே!

நம் பாட்டிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கும் யாரும் நேரம் கொடுக்கவில்லை. ஆனால் கடமை என்ற போர்வைக்குள் நேரத்தை ஒளித்து எடுத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் துணி வெளுக்கப் போனால் அரை நாள். தண்ணீர்க் குடத்தோடு குழாயடிக்குப் போனால் ஊர்க் கதை முழுக்க. செவ்வாய், வெள்ளி கோயில். மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாகப் போகும் பெண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பக்தி இருக்கிறது. கூடவே, இரண்டு நாள் யாருக்கும் காபி போட வேண்டாம் என்கிற நிம்மதியும் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போன கிராமத்து ஆயாக்கள் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிய பேச்சும் அப்படித்தான். இன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே போவதற்கான சாக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. இனிமேல் சாக்கில்லாமல் கேட்கப் பழக வேண்டும். அதுதான் கூச்சமாக இருக்கிறது.

கவிஞர் சல்மாவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிப் படிப்பு நின்றது. வீட்டுக்குள்ளேயே வாழ்க்கை. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்குத் தடை. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கிடைத்த துண்டுத் தாளில் எழுதினார். எழுதியதை ஒளித்து வைத்து, தன் அம்மா மூலமாக வெளியே அனுப்பினார். ‘சல்மா’ என்பதே வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வைத்துக்கொண்ட புனைபெயர். 2000-இல் கவிதைத் தொகுப்பு, 2001-இல் பேரூராட்சித் தலைவர், 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினர்.

மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். மனஉறுதிக்கு எடுத்துக்காட்டு, விடாமுயற்சிக்கு விளக்கம் என்பார்கள். எனக்கு இதைக் கேட்கும்போது பயம்தான் வருகிறது. வெளியே வந்தவர் ஒரு சல்மா. எழுத வேண்டும், பாட வேண்டும், படிக்க வேண்டும் என்று நினைத்து, நடுராத்திரியில் எழுந்துபோகத் தெம்பில்லாமல் தூங்கிப்போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்த அலுவலகமும் எடுக்காது. நம் வீட்டையே பார்ப்போம். உள்ளேயிருந்து ஒரு பெண் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு வீட்டில் எத்தனை? பெட்ரூம் கதவைப் பகலில் சாத்தினாலே, “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். மிச்சம் இருப்பது பாத்ரூம் கதவு ஒன்றுதான். அங்கேயும் ஷவர் சத்தத்தை மீறிக் குரல் வரும்: “அம்மா, என் பெல்ட் எங்க?” பெல்ட் அவன் பார்த்துக்கொண்டிருக்கும் அலமாரியில், அவன் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, நேரம் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? திருடுகிறோம். யாரிடமிருந்து? நம் தூக்கத்திலிருந்து. இரவு பதினொன்றுக்குத் தயிருக்கு உறை ஊற்றி, கேஸை மூடி, கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால், அப்பாடா, இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். போனை எடுக்கிறோம். ஒரு ரீல்ஸ், இன்னொரு ரீல்ஸ். யாரோ ஒருத்தி பத்து நிமிடத்தில் பத்துப் பாத்திரத்தை அடுக்குகிறாள். யாரோ ஒருத்தி அஞ்சு மணிக்கு எழுந்து அழகாகக் கோலம் போடுகிறாள். மணி பார்த்தால் ஒன்று. காலையில் ஐந்துக்கு அலாரம். நாள் முழுக்கக் கிடைக்காத சுதந்திரத்தை ராத்திரியில் வட்டியோடு வசூல் பண்ணுவதாக நினைத்துக்கொள்கிறோம். வட்டி கட்டுவது நம் உடம்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஓய்வென்று நினைத்துப் பார்க்கும் அந்த வீடியோக்களும் இன்னும் நன்றாக வீட்டு வேலை செய்வது எப்படி என்றே சொல்லிக்கொடுக்கின்றன.

விற்பவர்கள் வேறு மோப்பம் பிடித்துவிட்டார்கள். ‘உங்களுக்கே உங்களுக்காக’ என்று ஸ்பா பேக்கேஜ், ஃபேஷியல் காம்போ, மெழுகுவத்தி, மகளிர் தினத் தள்ளுபடி. முகம் பளபளப்பதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டி வாங்கும் இரண்டு மணி நேரம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே சிங்க், அதே பாத்திரம். கூடவே, “இவ்வளவு ரூபாயா?” என்ற கேள்வி. அதற்குப் பிராயச்சித்தமாக அன்றைக்கு ராத்திரி வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்வோம்.

இந்த நேரப் பஞ்சத்தில் ஆண்களுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. அவர்கள் நேரத்தைச் சம்பள வேலை தின்கிறது. 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உலகம் முழுக்கத் தொழிலாளி கேட்டது, எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் இஷ்டத்துக்கு என்று. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், அதே சென்னையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்த பிறகு, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அதே வருடம் அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்று ஏலத்தை ஏற்றினார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்கு யாராவது கொடுத்தால் நல்லது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-இல் மட்டும் நீண்ட நேர வேலையால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்த 55 மணி நேரம் என்பது சம்பள வேலைக்குப் போட்ட கணக்கு. 289 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வாரம் 48 மணி நேரம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வரும் ஒரு பெண் அதில் பாதியை மட்டும் வீட்டில் செய்தாலும் 64 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறாள். 90 மணி நேரம் பேசிய தொழிலதிபர்களைப் பார்த்து நாடே கொதித்தது. வீட்டு வேலையையும் சேர்த்து வரும் இந்த 64-ஐப் பற்றி யாரும் மீம் போடவில்லை.

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்காருவதற்கு ஒரு நாற்காலி கொடு என்று 2021-இல் சட்டம் போட்ட மாநிலம் இது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டு அடுப்படிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். அங்கே நாற்காலியை நாம்தான் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படி? எங்கள் தெருவில் ஒரு வீடு. மருமகள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நாலரைக்கு வீட்டுக்கு வருவார். ஒரு நாள் மாமியாரிடம் சொன்னாராம்.

“அத்தை, செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும் நான் இருக்க மாட்டேன். லைப்ரரிக்குப் போறேன்.”

“என்னம்மா வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்க வேண்டாம் அத்தை. உக்காந்து படிக்கப் போறேன்.”

“ஸ்கூல் வேலையா?”

“இல்ல அத்தை. கதைப் புத்தகம்.”

மாமியாருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. எதையாவது வாங்கத்தானே வீட்டுப் பெண்கள் வெளியே போவார்கள்? முதல் வாரம் ஐந்தரைக்கே இரண்டு முறை போன் வந்தது, கொத்தமல்லி எங்கே வைத்திருக்கிறாய் என்று. மருமகள் போனை எடுக்கவில்லை. கொத்தமல்லி இல்லாமலே ரசம் கொதித்தது. மூன்றாவது வாரம், “மணி அஞ்சாச்சே, நீ இன்னும் கிளம்பலையா?” என்று மாமியாரே கேட்டாராம்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் “போகட்டுமா?” என்று கேட்கவில்லை. மரியாதையோடு, நாளும் மணியும் குறித்து, சொன்னார். இன்னொன்று, போவதற்கு முன்னால் ராத்திரிச் சமையலை முடித்து வைத்துவிட்டுப் போகவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழும் இடம் அதுதான். ஒரு மணி நேரம் வெளியே போவதற்காக முந்தின இரண்டு மணி நேரம் ஓடி ஓடி எல்லாவற்றையும் செய்து மூடி வைத்துவிட்டுப் போனால், அது உங்களுக்கான நேரமே கிடையாது. வேலையை முன்கூட்டியே செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஏதோ ஒன்று செய்யாமல் கிடக்க வேண்டும். சாம்பார் மட்டும் போதும், பொரியல் வேண்டாம். துணி மடிக்காமல் கட்டிலில் குவியலாகக் கிடக்கட்டும். அந்தக் குவியலைத் தாண்டித்தான் வீட்டுக்காரர் டி.வி. ரிமோட்டை எடுக்க வேண்டும் என்றால், மடிக்கவும் கற்றுக்கொள்வார்.

நேரம் கிடைத்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பவர்களும் இருப்பார்கள். அது இயல்பு. இருபது வருடமாக, “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று யாரும் கேட்காதவரிடம் திடீரென்று கேட்டால் பதில் எப்படி வரும்? “அவருக்கு வத்தக்குழம்பு பிடிக்கும், பசங்களுக்கு நூடுல்ஸ்” என்றுதான் வாயில் வரும். சும்மா போய் உட்காருங்கள். கடற்கரை, குளத்தங்கரை, கோயில் பிராகாரம், எதுவானாலும் சரி. பதில் மெதுவாக வரட்டும். பயனுள்ளதாகச் செலவழிக்க வேண்டும் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். தையல் வகுப்பு, டியூஷன், ஆன்லைனில் புடவை வியாபாரம் என்று அந்த ஒரு மணி நேரத்தையும் வருமானமாக்கச் சொல்லி நாலு பேர் யோசனை சொல்வார்கள். வருமானம் வேண்டியதுதான். அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நமக்கு நேரம் வேண்டும் என்று, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் தலையில் இன்னும் இரண்டு வேலையைக் கட்டுவது இதற்கு வழியில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் ஐந்தாவது முறையாகப் பாத்திரம் தேய்ப்பவர் அவர். அவருக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறீர்களா? கொடுக்கவில்லை என்றால் அதை முதலில் செய்துவிட்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். பாத்திரத்தை வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளையிடம் கொடுக்கலாம். கை தேயாது.

காசு ஒரு காரணமில்லை. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் காசு இல்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம்தான், 1948-இல். பக்கத்து ஊருக்குள்ளாவது ஒரு கிளை நூலகம் இருக்கும். அங்கே உட்கார யாரும் பணம் கேட்க மாட்டார்கள். இந்த வாரத்தில் ஒரு நாளைக் காலண்டரில் பேனாவால் குறியுங்கள், பென்சில் வேண்டாம். வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி ஒரு தடவை சொல்லுங்கள். அந்த நாளில் விருந்தாளி வந்தாலும், சொன்ன மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.